கோபத்தில் கட்டிய வேகத்தடை

அந்தக் கொத்தனாரை ஊரில் பாதிப்பேர் மேஸ்திரி என்பார்கள், மீதிப்பேர் ரசமட்டம் என்பார்கள். முதல் பெயர் தொழிலால் வந்தது, இரண்டாவது குணத்தால் வந்தது. டீக்கடையில் டம்ளரைக் கையில் கொடுத்தால், குடிப்பதற்கு முன் அதைப் பெஞ்சில் வைத்து டீ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். "பெஞ்சு ரெண்டு நூல் இறங்கியிருக்கு" என்பார். அரைக்கால் அங்குலம்தான் ஒரு நூல். கடைக்காரர் ஒரு அட்டையை மடித்துப் பெஞ்சுக் காலுக்கு அடியில் செருகும்வரை டீ அவர் தொண்டையில் இறங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் நலம் விசாரிப்பார், ஆட்களை அப்புறம்தான். "என்னையும் தூக்குக்குண்டு விட்டுப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னாரு" என்று அவர் மனைவி சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அளக்காமல் ஒன்றைக் கட்டினார்.

அவர்கள் குடியிருந்த தெரு நேர்த்தெரு. ஒரு முனையில் பெரிய சாலை, மறுமுனையில் சந்தை. நடுவில் நாற்பது வீடுகள், ஒரு மருந்துக் கடை, ஒரு சலவைக் கடை. பெரிய சாலையில் சிக்னல் விளக்கு வந்த நாளிலிருந்து தெருவுக்குச் சனி பிடித்தது. சிவப்பில் இரண்டு நிமிஷம் நிற்கப் பொறுக்காதவர்கள் அத்தனை பேரும் இந்தத் தெருவுக்குள் திரும்பி, வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி சந்தைப் பக்கம் போய் வெளியேறினார்கள். தெருக்காரர்கள் எதிர்வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கடன் கேட்கப் போவதென்றாலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

மேஸ்திரியின் மனைவிக்கு வேலை எதிர்ச்சாரியிலிருந்த சலவைக் கடையில்தான். இஸ்திரி போடுவார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து தெருவைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் அவரை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே ஊன்றிய வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது.

அந்த ஆறு வாரத்தில் மேஸ்திரி நகராட்சி அலுவலகத்துக்கு மூன்று மனு கொடுத்தார். தெருவுக்கு ஒரு வேகத்தடை வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு எண் கிடைத்தது. முதல் மனு கொடுத்த வாரத்தில் அவர் அஸ்திவாரம் போட்ட வீட்டில் ஜன்னல் மட்டம்வரை சுவர் எழும்பிவிட்டது. மனு மேஜையை விட்டு எழும்பவில்லை.

கட்டுப் பிரித்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, மனைவி மறுபடி வேலைக்குக் கிளம்பினார். மேஸ்திரி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி தெரு ஓரத்தில் நின்றார். ஒரு வண்டி போனது, இன்னொன்று வந்தது, அதுவும் போனது. தெரு காலியான பிறகும் அவர் கால் எடுத்து வைக்கவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு வீட்டுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு வேணாங்க. நாளைக்குப் போறேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"அப்ப திங்கக்கிழமை போறேன்" என்றார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மேஸ்திரி அன்று வேலை செய்த இடத்தில் மிச்சமான இரண்டு மூட்டை சிமெண்டைக் கேட்டு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் தெரு நடுவில் மணலையும் ஜல்லியையும் கொட்டிக் கலக்க ஆரம்பித்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மருந்துக் கடைக்காரர் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். ஆட்டோக்காரர் தன் ஆட்டோவைத் தெரு முனையில் குறுக்கே நிறுத்திவிட்டு, என்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு ரிப்பேர் பார்ப்பதுபோல் குனிந்து நின்றார். ஒன்பது மணிக்குத் தெருவுக்குக் குறுக்கே, இந்தச் சாக்கடையிலிருந்து அந்தச் சாக்கடைவரை, ஒரு அடி அகலத்தில் ஆறு அங்குல உயரத்தில் ஒரு மேடு எழுந்துவிட்டது. ஈரச் சாக்கு போட்டு மூடி, இருபுறமும் தார் டின்களை வைத்து, மூன்று நாள் காயவிட்டார்கள். ரசமட்டம், அளவுகோல், நூல் எதையும் அன்றைக்கு அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மேலே வெள்ளையடிக்க வேண்டும் என்று நினைத்தார். பெயிண்ட் வாங்குவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

டின்களை எடுத்ததும் தெரு மாறியது. வந்த வண்டியெல்லாம் மேட்டுக்கு முன் வந்து ஆமையாக ஊர்ந்தது. மனைவி எதிர்ச்சாரிக்குப் போனார், வந்தார். தெருவே மேஸ்திரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மருந்துக் கடைக்காரர் அவருக்குத் தலைவலி மாத்திரையைச் சும்மாவே கொடுத்தார். தலைவலி இல்லை என்று சொன்னாலும் விடவில்லை.

அந்தச் சந்தோஷம் பதினோரு நாள் நீடித்தது.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். முதலில் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் இரும்பு தார்ச்சாலையில் நீளமாக உரசும் சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே ஓடினார்.

கடைகளுக்கு முட்டை போடுகிறவர் தெருவில் மல்லாந்து கிடந்தார். வழக்கமாக அவர் இந்தப் பக்கம் வரமாட்டார். பெரிய சாலையில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்ததால் அன்றைக்கு மொபெட்டில் சுற்றி வந்திருந்தார். மழையில் நனைந்த சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிற மேடு அவர் கண்ணில் படவே இல்லை. பின்னால் அடுக்கிக் கட்டியிருந்த ஏழு அட்டை முட்டையும் உடைந்து மழைத் தண்ணீரோடு மஞ்சளாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு துடித்தார்.

மேஸ்திரிதான் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் முட்டைக்காரர் புலம்பினார்.

"போன மாசம்கூட இந்த மேடு கிடையாது மேஸ்திரி. எந்த மகராசன் கட்டினான்னு தெரியல. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"பேசாதீங்க. தோளு ஆடுது" என்றார் மேஸ்திரி.

தோள்பட்டைக்கு முன்னாலிருக்கும் எலும்பு, காறையெலும்பு, முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போனது.

போக்குவரத்துப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். கூட நீளமான டேப்போடு ஒரு கான்ஸ்டபிள். அவர்கள் வருவதற்குள் தெரு கூடிப் பேசி வைத்திருந்தது, யாரும் எதுவும் சொல்லக் கூடாதென்று.

"இது எப்ப போட்டது?" என்று அதிகாரி மருந்துக் கடைக்காரரைக் கேட்டார்.

"அது ரொம்ப வருஷமா இருக்கே மேடம்."

"சிமெண்ட் இன்னும் பச்சையா இருக்கு."

"மழை பெஞ்சுதில்ல மேடம். அதான்."

அதிகாரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அதட்டவில்லை. மேட்டுக்கு இருபுறமும் எச்சரிக்கைத் தடுப்பு நிறுத்தச் சொன்னார். மருந்துக் கடை நிழலில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாள் உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் தெரு முனையில் நின்று, வரும் வண்டிகளை நோக்கி வேகம் அளக்கும் கருவியைப் பிடிப்பார், எண்ணைச் சொல்வார். அதிகாரி நோட்டில் எழுதிக்கொள்வார். எத்தனை வண்டி, என்ன வேகம், எந்த நேரத்தில், எத்தனை பேர் குறுக்கே கடக்கிறார்கள், அதில் கிழவர் எத்தனை, குழந்தை எத்தனை. தெரு மிரண்டுவிட்டது. அபராதம் போட வந்தவர் எதற்குக் கணக்கெடுக்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மேஸ்திரி வேலையிலிருந்து திரும்பும்போது அதிகாரி மேட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். மேஸ்திரி தன் வாசலில் உட்கார்ந்து கால் கழுவுகிறவர்போல் காதைத் தீட்டிக்கொண்டார்.

"கட்டினவர் நல்ல வேலைக்காரர்தான்" என்று அதிகாரி கான்ஸ்டபிளிடம் சொன்னார். "பாருங்க, ஓரத்துல ஒரு விரிசல் இல்ல. ஆனா அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. உண்மைதான். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. ஒரு சக்கரம் அந்த மேட்டில் ஏறும்போது என்ன ஆகும் என்று அவர் ஒரு கணம்கூட யோசித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. மனைவி தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"போய்ச் சொல்லிடுங்க."

"தெருவுல எல்லாரும் வாயை மூடிட்டு இருக்காங்க. நான் போய்ச் சொன்னா..."

"எனக்காகத்தானே கட்டுனீங்க. எனக்காகவே போய்ச் சொல்லிட்டு வாங்க. எங்கே, எந்தச் சட்டை?"

மறுநாள் காலை, அந்தச் சரியாகத் திரும்பாத கையாலேயே மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் மேஸ்திரி ஸ்டேஷன் படி ஏறினார். போக்குவரத்துப் பிரிவு என்பது ஒரே ஒரு அறைதான். இரண்டு மேஜை, மூலையில் அடுக்கிய மடக்குத் தடுப்புகள், கதவுக்குப் பின்னால் ஒளிரும் மேல்சட்டைகள் தொங்கும் கொக்கிகள். பின்சுவர் முழுக்க ஊரின் வரைபடம். அதில் சிவப்புத் தலை வைத்த குண்டூசிகள், சில இடத்தில் ஒன்றிரண்டு, சில இடத்தில் கொத்துக் கொத்தாக.

"அந்த வேகத்தடை நான் கட்டினது மேடம்."

அதிகாரி பேனாவை வைத்தார். "உக்காருங்க மேஸ்திரி. கூட யார் யார்?"

"நான் மட்டும்தான்."

"ஆட்டோவைக் குறுக்க நிறுத்தினது?"

"அது... பழுதாகி நின்னுச்சு மேடம்."

"சரியா அன்னிக்குப் பாத்து" என்றார் அதிகாரி. அதை எழுதிக்கொள்ளவில்லை. "கேஸ் போடாம விட முடியாது. ஒருத்தர் எலும்பு முறிஞ்சிருக்கு. நீதிபதி முன்னால நிக்கணும்."

"நிக்கிறேன்."

"எதுக்குக் கட்டினீங்க?"

மேஸ்திரி சொன்னார். மனைவி விழுந்ததை, மூன்று மனுவை, தெரு ஓரத்தில் அவர் கால் மணி நேரம் நின்றதை. அதிகாரி எழுந்து வரைபடத்துக்குப் போய் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஒரே ஒரு குண்டூசி இருந்தது.

"இது உங்க தெரு. இந்த ஊசி முட்டைக்காரர். உங்க வீட்டம்மா விழுந்தது இங்க இல்லையே?"

"நகராட்சியில எழுதிக் கொடுத்தேன்..."

"எங்ககிட்ட சொல்லலை. யாருமே சொல்லலை. இந்த வரைபடத்தைப் பாத்தா ஊர்லயே பத்திரமான தெரு உங்க தெருதான். அப்புறம் எப்படி நான் நகராட்சியில போய் இந்தத் தெருவுக்குத் தடை வேணும்னு கேப்பேன்? இன்னும் யாரெல்லாம் விழுந்திருக்காங்க? ரெண்டு வருஷத்துல. யோசிச்சுச் சொல்லுங்க."

மேஸ்திரி விரல் விட்டு எண்ணினார். மருந்துக் கடைக்காரரின் மாமனார். ஆட்டோக்காரரின் மகள், சைக்கிளோடு. மாடி வீட்டு டீச்சர். தபால்காரர் இரண்டு தடவை. அதிகாரி ஒவ்வொன்றையும் மாசத்தோடு எழுதிக்கொண்டு ஒவ்வொரு குண்டூசியாகக் குத்தினார். கடைசியில் ஒன்றை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார்.

"எந்த இடம்னு உங்களுக்குத்தான் சரியாத் தெரியும்."

சலவைக் கடைக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி. இத்தனை வருஷம் செங்கல் பிடித்த விரல்களுக்கு அந்தச் சின்ன ஊசி அகப்படவே இல்லை. இரண்டு முறை கீழே விழுந்தது.

"ரெண்டு நாள் எண்ணினேன் மேஸ்திரி. சிக்னலுக்குப் பயந்து உங்க தெருவுல ஒரு மணிக்கு இருநூறு வண்டி நுழையுது. அங்க தடை வேணும். நீங்க நினைச்சதுல தப்பே இல்ல. கட்டின விதம்தான் தப்பு. ராத்திரி மழையில ஒரு ஆம்புலன்ஸ் அதுல ஏறினா உள்ள இருக்கிறவர் கதி என்ன? நாளைக்கே உடைச்சிடுங்க. சரியா ஒண்ணு போட நான் அலையறேன்."

நினைத்ததில் தப்பில்லை என்று மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஒருவர் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கேஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்த மனிதர் படியில் நின்று, அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டார்.

அங்கிருந்து நேரே முட்டைக்காரர் வீட்டுக்குப் போனார். முன்னறையில் கூரைவரை முட்டை அட்டைகள், நடுவில் ஒரு கட்டில். முட்டைக்காரரின் மனைவி அவரைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க மட்டும் அன்னிக்கு இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்று கைகூப்பினார். டீயைத் தொடாமல் தரையில் வைத்துவிட்டு மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார்.

முட்டைக்காரர் கட்டிலில் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை இன்ச்?" என்றார் முட்டைக்காரர்.

"ஆறு."

"அகலம்?"

"ஒரு அடி."

"அது வேகத்தடையா, காம்பவுண்டுச் சுவரா?" என்றார். அப்புறம் முகம் சிவக்க, "எழுந்து போங்க" என்றார்.

மேஸ்திரி எழுந்தார். வாசல்வரை போனவரை முட்டைக்காரரின் மனைவி மறித்தார்.

"போங்கன்னு சொல்லிட்டா நாளைக்கு முப்பது கடைக்கு முட்டை தானா நடந்து போயிடுமா? என் தம்பி ஊர்ல இல்ல. இவருக்குக் கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகும். உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"சைக்கிள் தெரியும்மா. அதுவும் தொட்டு இருபது வருஷம் ஆச்சு."

"காலையில அஞ்சு மணிக்கு வாங்க."

மேஸ்திரி அன்று மத்தியானமே சம்மட்டியும் உளியுமாகத் தெருவில் இறங்கித் தன் மேட்டைத் தானே உடைத்தார். நல்ல கலவை, லேசில் உடையவில்லை. தெருவில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் மட்டும் வந்து துண்டுகளை அள்ளிப் போட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்குப் போனார். முதல் வாரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார். இரண்டாம் வாரம் ஏறி உட்காரத் துணிந்தார். பின்னால் நான்கு அட்டை முட்டையைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவனுக்குச் சாலை வேறு மாதிரி தெரியும் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நடந்து போகும்போது கண்ணில் படாத பள்ளமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இத்தனை நாள் எந்த வீட்டுச் சுவர் எத்தனை நூல் சாய்ந்திருக்கிறது என்று சொன்ன மனிதர், சாலையை முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். ஊரில் தன்னைப்போல் கோபத்தில் மேடு கட்டியவர்கள் இன்னும் நான்கு பேர் இருப்பதையும் கண்டுபிடித்தார். நான்கிலும் வெள்ளைக்கோடு இல்லை.

பார்த்ததையெல்லாம் சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் எழுதி, சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தார். கான்ஸ்டபிள் வாங்கி வாசித்தார். 'வங்கித் திருப்பத்தில் சாக்கடை மூடி ஏழு நூல் இறக்கம். பள்ளிக்கூடப் பலகையை மரக்கிளை மறைக்கிறது. ரொட்டிக்கடை முக்கில் சுவர் ஒட்டி வரும் வண்டி தெரியாது.'

"நூல்னா என்ன மேடம்?" என்று கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார்.

"பக்கத்துலதானே நிக்கிறாரு, அவரையே கேளுங்க" என்றார் அதிகாரி. காகிதத்தை வாங்கி முழுதும் வாசித்தார். அடுத்த வாரம் மரக்கிளை வெட்டப்பட்டிருந்தது. மேஸ்திரி அந்தப் பலகைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி இறங்கி, அதில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் போனார்.

கோர்ட்டில் அவர் நின்ற அன்று அதிகாரியும் வந்திருந்தார். குற்றத்தையும் சொன்னார், தானாக வந்து ஒப்புக்கொண்டதையும் சொன்னார், முட்டைக்காரருக்குப் பதிலாகக் கடைகளுக்கு முட்டை போடுவதையும் சொன்னார். நீதிபதி கண்ணாடியை இறக்கி மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அபராதத்தோடு விட்டார். இன்னொரு தடவை ரோட்டில் கை வைத்தால் உள்ளே போகவேண்டியிருக்கும் என்றார்.

"அனுமதியோட வச்சா?" என்று மேஸ்திரி கேட்டுவிட்டார். கான்ஸ்டபிள் அவர் முழங்கையைக் கிள்ளினார்.

அனுமதி வர நாலு மாதம் ஆனது. அதிகாரி தன் நோட்டையும் வரைபடத்தின் படத்தையும் தூக்கிக்கொண்டு நகராட்சிக்கு எத்தனை நடை நடந்தார் என்பதற்குக் கணக்கில்லை. பொறியாளர் வரைந்து கொடுத்த வேகத்தடை பன்னிரண்டு அடி நீளத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. நடுவில் உயரம் நான்கே அங்குலம். வேலை எடுத்த ஒப்பந்தக்காரரிடம் அதிகாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார், இந்தத் தெரு மேஸ்திரியையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. மேஸ்திரி அந்த வளைவில் சரிபாதியை ஒட்டுப்பலகையில் அறுத்து அச்சுப் பலகை செய்துகொண்டுவந்தார். சாலை அகலம் முழுக்க அரையடிக்கு ஒரு தடவை அந்தப் பலகையை இருபக்கமும் திருப்பி வைத்துப் பார்த்தார். ஒரு நூல் இடித்தாலும் சுரண்டிவிட்டு மறுபடி போடச் சொன்னார். "ரோடு போடுறோமா, நகை செய்யறோமா?" என்று ஒப்பந்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளைப் பட்டை அடித்து, இரு முனையிலும் மஞ்சள் பலகை நட்டார்கள். திறப்பதற்கு முன் முட்டைக்காரர் ஆள் அனுப்பினார், தான் வந்து பார்க்காமல் ஒரு வண்டியும் விடக் கூடாதென்று. கட்டுப் பிரித்து வெகுநாள் ஆகியும் அவர் இன்னும் கனம் தூக்குவதில்லை. மச்சான் வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து மடியில் ஒரு அட்டை முட்டையோடு வந்தார். தெருவே இருபுறமும் நின்றது. வண்டி மேட்டில் ஏறியது, படகு அலையில் ஏறுகிறமாதிரி ஏறி இறங்கியது. இறங்கின கையோடு ஒரு நாய் குறுக்கே வர, மச்சான் பிரேக்கைப் போட்டார். இரண்டு முட்டை உடைந்தது.

முட்டைக்காரர் மெல்ல இறங்கி, அட்டையைப் பார்த்து, மச்சானைப் பார்த்து, கடைசியில் மேஸ்திரியைப் பார்த்தார்.

"இந்த ரெண்டும் நாய் உடைச்சது" என்றார். "நீங்க ஒண்ணும் உடைக்கல." நல்ல கையை நீட்டினார். மேஸ்திரி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் சாயங்காலம் மேஸ்திரிக்கு ஸ்டேஷனில் வேலை இருந்தது. தெருவை அறிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வாரம் ஒரு தெரு நடந்து பார்ப்பது என்று அதிகாரி ஒரு பழக்கம் ஆரம்பித்தார். மருந்துக் கடைக்காரர், ஒரு ஓட்டுநர் பள்ளிக்காரம்மா, கான்ஸ்டபிள், மேஸ்திரி. முட்டைக்காரர் தோன்றினால் வருவார். அந்த நான்கு திருட்டு மேடுகளையும் எடுத்துவிட்டு முறையாகப் போட்டார்கள். எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. வங்கித் திருப்பத்து மூடிக்கு ஒரு வருஷம் ஆனது. சந்தை முனையில் ஒரு பெரியவர் லாரியில் அடிபட்டு இறந்த அன்று அதிகாரி கறுப்புத் தலை வைத்த ஊசி ஒன்றை எடுத்துக் குத்திவிட்டு வெகுநேரம் வரைபடத்துக்கு முன்னாலேயே நின்றார். அடுத்த சனிக்கிழமை அந்த முனையைத்தான் முதலில் போய்ப் பார்த்தார்கள். மேஸ்திரியின் தெருவில் மட்டும் தடை போட்ட பிறகு இரண்டு வருஷத்தில் ஒரு புது ஊசிகூட ஏறவில்லை.

மூன்றாம் வருஷம் அதிகாரிக்கு மாற்றல் வந்தது. சேதி கேட்டு மேஸ்திரி ஸ்டேஷனுக்குப் போனார். என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். நீங்கள் அன்றைக்கு என்னைத் தூக்கி உள்ளே போட்டிருக்கலாம், தெருவில் வைத்து அவமானப்படுத்தியிருக்கலாம், அதைச் செய்யாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எங்கள் தெருவை எண்ணினீர்கள், என் வீட்டுக்காரி இன்றைக்குப் பயமில்லாமல் வேலைக்குப் போகிறாள் என்று. உள்ளே போனால் அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மாடி வீட்டு டீச்சர், தபால்காரர், முட்டைக்காரரின் மனைவி. எல்லோரிடமும் ஏறக்குறைய அதே பேச்சு இருந்தது. அவர் முறை வந்தபோது அடுக்கியது மொத்தமும் சரிந்துவிட்டது.

"மேடம்... ரொம்ப நன்றி" என்றார். கண் நிறைந்துவிட்டது.

"நானும் சொல்லணும் மேஸ்திரி" என்றார் அதிகாரி. "எத்தனையோ ஊர்ல இருந்திருக்கேன். தப்பு பண்ணவங்களைத் தேடித்தான் நான் போவேன். நீங்க இஸ்திரி போட்ட சட்டையோட நீங்களா வந்தீங்க. நீங்க வரலைன்னா அந்தத் தெருவுல இன்னும் ஒத்தை ஊசிதான் இருந்திருக்கும்." மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினார். "நான் போற ஊர்ல இதைவிட மோசமாம். அங்க இருக்கிற மேஸ்திரிங்களுக்கு அந்த அச்சுப் பலகையைக் காட்டணும். எழுதினா வருவீங்களா? ரெண்டு நாள் ஆகும்."

"எழுதவே வேணாம் மேடம். ஒரு போன் போடுங்க."

போன் அடுத்த மாதமே வந்தது. மேஸ்திரி மனைவியையும் கிளம்பச் சொன்னார். சலவைக் கடையில் இரண்டு நாள் லீவு கேட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பஸ்ஸில் பலகையை நிற்கவைத்தால் கூரை இடித்தது, படுக்கவைத்தால் வழி மறித்தது. கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். கடைசியில் அதைச் சீட்டுக்கு ஓரமாகச் சாய்த்து மேஸ்திரி கையால் அணைத்துக்கொண்டார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது.

"பிச்சு உதறுதே காத்து" என்றார் மனைவி. ஆனால் ஜன்னலை மூடவில்லை.

"டிரைவர் கொஞ்சம் வேகமாத்தான் போறாரு" என்றார் மேஸ்திரி. எழுந்து முன்னால் போய், டிரைவர் காதருகில் குனிந்து ஏதோ மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.